பொழிமுகத்து யட்சி என் அக்காவாக்கும்

1

எங்கள் மோசப்பட மன்றத்தின் ஆண்டுவிழாவுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் வேலை இந்த வருடம் என் மகள் மீராவிடம் போனது. அதிலிருந்துதான் எனக்கு இருப்புக்கொள்ளாமல் போனது. ஊரில் இதைப் படிப்பவர்களில் சிலருக்குப் பாதிக் கதை தெரிந்திருக்கும். மீதிப் பாதி எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

மோசப்பட மன்றம் என்பது நான் வைத்த தமிழ்ப் பெயர். வட இங்கிலாந்தில் நாங்கள் வாழும் இந்தச் சிறுநகரத்தில் பழைய தேவாலயக் கூடம் ஒன்று உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அங்கே பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். ஓய்வுபெற்ற மின்பணியாளர் கீத்தான் தலைவர். உலகத்தில் எங்கெங்கோ எடுத்து எங்கேயுமே ஓடாத படங்களைத் திரையில் போட்டுச் சிரித்துவிட்டு, தேநீரும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

நான் இந்த நகரத்தில் பேருந்து ஓட்டுகிறேன். மனைவி ஷைலா செவிலியர். அவளுடைய வேலையைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் இங்கே வந்தோம். வந்த புதிதில் தமிழ்ச் சங்கத்துக்குப் போனேன். நான் வாயைத் திறந்ததும் "நீங்க மலையாளியா?" என்று கேட்டார்கள். மலையாளிகளின் ஓணத்துக்குப் போனேன். "பாண்டியாணோ?" என்று, தமிழனா என்ற பொருளில், ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலைக்காரன் எங்கே போனாலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. தேவாலயக் கூடத்தில் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மீராவுக்குப் பதினேழு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். என்னோடு அவள் இன்னும் சேர்ந்து செய்கிற ஒரே காரியம் இந்த மன்றத்துக்கு வருவதுதான். அதனால் அவள் படம் தேர்ந்தெடுக்கிறாள் என்றதும் எனக்குச் சந்தோஷம். மடிக்கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"அப்பா, இது லெஜண்ட். என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் தெரியும். முழுப் படமும் இப்பதான் யாரோ போட்டிருக்காங்க."

திரையில் கடல். ஆறு வந்து கடலில் சேரும் பொழிமுகம். வெள்ளைப் புடவையும் அவிழ்த்த கூந்தலுமாக ஒரு யட்சி தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறாள். கைகளை விரித்து அலறுகிறாள். அலை வந்து காலை வாருகிறது. யட்சி குப்புற விழுகிறாள். எழுந்து, முகத்தில் ஒட்டிய முடியை விலக்கி, கேமராவுக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்து, மிகவும் அக்கறையாகக் கேட்கிறாள்: "செரியாச்சா?"

அந்த முகத்தையும் அந்த வார்த்தையையும் வைத்து ஸ்டிக்கர் செய்திருந்தார்களாம். தமிழ் தெரியாத பிள்ளைகள்கூடத் தேர்வு எழுதிவிட்டு வந்ததும் ஒருவருக்கொருவர் அதைத்தான் அனுப்புவார்களாம். மீரா சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை.

"இது உன் மாமி" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அப்பாவின் அக்காவை மாமி என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வந்து "சாப்பிட்டியா மக்கா" என்று கேட்கிற, மூக்குக்கண்ணாடி போட்ட, நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய சுலோசனா மாமி. மீரா படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்தாள்.

"மூக்கு" என்றாள் கடைசியில். "என் மூக்கு."

2

நான் ஏன் மோசமான படங்களைப் பார்க்கிறேன் என்று ஷைலா கேட்காத வருடமில்லை. நல்ல படங்களும் பார்க்கிறவன்தான். ஆனால் நல்ல படம் முடிந்ததும் மனம் அடங்கிவிடுகிறது. மோசமான படம் முடிந்த பிறகும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதை எடுத்தவன் யார், எந்த நம்பிக்கையில் எடுத்தான், இந்தப் பஞ்சைப் பனி என்று யாராவது நம்புவார்கள் என்று எப்படி நினைத்தான் என்று மறுநாள் வண்டி ஓட்டும்போதும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

மோசத்தில் இரண்டு வகை உண்டு. வேண்டுமென்றே மோசமாக எடுப்பது ஒன்று. சுறாவுக்கு இரண்டு தலை வைத்து, நடிகர்கள் நம்மைப் பார்த்துக் கண்ணடித்து, "பாருங்கள், நாங்கள் எவ்வளவு மோசம்" என்று காட்டுவார்கள். அதை என்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க முடியாது. மற்றது, உயிரைக் கொடுத்து எடுத்து மோசமாகப் போனது. இடைவேளைக்குப் பிறகு கதாநாயகனுக்கு வேறொருவர் குரல் கொடுத்திருப்பார். வில்லன் செத்த பிறகும் அவன் வயிறு மூச்சுவாங்கும். ஹெலிகாப்டர் விழுவதைக் காட்ட முடியாமல், சுற்றுகிற மின்விசிறியைக் காட்டிவிட்டு ஒரு பெண்ணை அழவிடுவார்கள். இந்த வகைப் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறவன் எடுத்தவனை வெறுக்க முடியாது.

இந்தப் பைத்தியம் எல்லையில்தான் பிடித்தது. நெய்யாற்றின்கரைத் திரையரங்கில் ஒரு மொழி, களியக்காவிளைப் பக்கம் போனால் இன்னொரு மொழி. இரண்டு பக்கமும் வேறெங்கும் ஓடாத படங்கள் கடைசியில் எங்களிடம்தான் வந்து சேரும். பேருந்து கிடைக்காவிட்டால் நடந்தேகூடப் போவோம்.

கூடத்தில் இப்படியெல்லாம் நான் வாய் ஓயாமல் பேசுவேன். கீத் தலையாட்டிக் கேட்பார். ஆனால் பேசும்போதெல்லாம், என் வீட்டிலேயே அப்படி ஒரு படம் இருந்ததை மட்டும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் படத்தின் பெயரே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

3

'பொழிமுகத்து யட்சி' எடுத்தபோது நான் நான்காம் வகுப்பு. ஒற்றசேகரமங்கலம் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒருவருக்குத் தயாரிப்பாளராக ஆசை வந்தது. ஒரே செலவில் தமிழிலும் மலையாளத்திலும் எடுத்துவிடலாம் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு காட்சியையும் இரண்டு தடவை எடுப்பது என்று திட்டம். பாதியில் பொறுமை போய் ஒரு தடவையோடு நிறுத்தினார்கள். கதாநாயகன் மலையாளத்தில் கேட்க, கதாநாயகி தமிழில் பதில் சொல்லுவாள். பார்க்கிறவர்களுக்கு அது கோளாறு. எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசிக்கொள்வோம் என்பதால் எங்களுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது.

அப்பாவுக்குப் பாறசாலையில் சாயக்கடை, அதாவது தேநீர்க்கடை. படக்குழுவுக்குச் சாயை கொண்டுபோகும் வேலை அவருக்குக் கிடைத்தது. காலையில் ஜீப் வந்து அப்பாவையும் சாயைப் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு, பொழிமுகம் இருக்கும் பூவாருக்குப் போகும். தனுவச்சபுரத்தில் கல்லூரி படித்துக்கொண்டிருந்த சுலோசனாக்காவுக்கு அப்போது விடுமுறை. கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிக்கொடுக்க அவளும் கூடப் போவாள்.

யட்சியாக நடிக்கச் சென்னையிலிருந்து வந்த பெண் படகில் ஏறிய முதல் நாளே வாந்தியெடுத்து ஊருக்குத் திரும்பிவிட்டாள். இரண்டு மொழியும் தடுக்காமல் பேசுகிற ஒரு பெண் உடனே வேண்டும் என்று இயக்குநர் கரையில் நின்று கத்தினாராம். எங்கள் பக்கத்தில் அது ஒரு தகுதியா? தம்ளர் கழுவிக்கொண்டிருந்த அக்காவை யாரோ காட்டினார்கள்.

யட்சி என்றால் பேயல்ல, சூனியக்காரியும் அல்ல என்று மன்றத்தில் விளக்கப்போய் நான் மூச்சுத் திணறியிருக்கிறேன். வழியில் போகிறவர்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், கொடுத்தவன் தொலைந்தான். படத்திலும் அக்கா ஒரு போலீஸ்காரரிடம் சுண்ணாம்பு கேட்கிறாள். படப்பிடிப்பில் சுண்ணாம்பு கொண்டுவர மறந்துவிட்டார்கள். போலீஸ்காரர் சட்டைப்பையிலிருந்து பற்பசைக் குழாயை எடுத்துப் பிதுக்குகிறார். அக்கா முகம் மாறாமல் வாங்கிக்கொள்கிறாள். தமாஷாக எடுத்த காட்சி அல்ல அது.

அந்தச் 'செரியாச்சா'வின் கதையும் இதே மாதிரிதான். அப்போதெல்லாம் குரலைப் பிறகுதான் தனியாகப் பதிவார்கள். படப்பிடிப்பில் பதிவான கச்சா ஒலியைக் கேட்டு, உதட்டசைவைப் பார்த்து வேறொருவர் பேசுவார். யட்சிக்குக் குரல் கொடுத்த அம்மாள், அதுவும் வசனம்தான் போலிருக்கிறது என்று எதிரொலியோடு பேசிவைத்துவிட்டார்.

படம் நெய்யாற்றின்கரையில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. ஆனால் அக்காவுக்கு அந்தப் பெயர் ஓடிக்கொண்டே இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் பையன்கள் "சுண்ணாம்பு உண்டா" என்று கேட்டார்கள். அவளுக்கு ஒரு கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர் வந்து முற்றத்தில் நின்றார்கள். அப்பா அவர்களிடம் சொன்னதை நான் வாசல் ஓரம் நின்று கேட்டேன்.

"பால் தீந்துபோச்சு. நான் பால் வாங்கப் பாறசாலைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது எல்லாம் கழிஞ்சு. எனக்கிட்ட கேக்காம இவளாட்டு போய் நின்னதாக்கும்."

உள்ளேயிருந்து அக்கா கத்தினாள்: "கேட்டிட்டாக்கும் போனேன்! அப்பாதான் போயிட்டு வான்னு சொன்னாரு!"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணமும் நின்றது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் 'கேக்காம போனவ'. குழம்பில் உப்பு கூடினால்கூட அம்மா அதைச் சொல்லுவாள். அப்பா சாகும்வரை அந்தப் பேச்சைத் திருத்தவில்லை. நானும் அக்கா பொய் சொன்னாள் என்று நம்பித்தான் வளர்ந்தேன்.

4

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனுவச்சபுரத்தில் கல்லூரிக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அம்மா அவளோடுதான். அப்பாவித்தனமாக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். மின்வாரியத்துக்கும் பஞ்சாயத்துக்கும் அவளைக் கண்டால் பயம். பிரின்டரில் காகிதம் சிக்கினால் அவள் திட்டுவது சாலை வரைக்கும் கேட்கும்.

போன வருடம் அவளை இங்கே அழைக்க ஆசைப்பட்டேன். வருகை விசாவுக்கு எல்லாம் கொடுத்தோம். மறுத்துவிட்டார்கள். பயணம் முடிந்து நாடு திரும்புவார் என்று நம்பக் காரணமில்லையாம். வாழ்நாளில் திருவனந்தபுரத்தைத் தாண்டிப் போகாத ஒருத்தி திரும்பிப் போகமாட்டாள் என்று ஒரு அலுவலகம் முடிவு செய்தது. நான் கொதித்துப்போனேன். அக்கா, "செரி விடு, அங்க குளிராக்கும்" என்றாள்.

இப்போது அவளுடைய முகம் விசா இல்லாமலே வந்து சேர்ந்திருந்தது.

ஷைலா தெளிவாகச் சொன்னாள்: "அத காட்டாண்டாம். வெள்ளைக்காரங்க முன்னால அவங்கள வச்சுச் சிரிக்கதுக்கா?" மீராவுக்கு நேர்மாறான எண்ணம். மாமி ஒரு நட்சத்திரம், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றாள். அவள் தோழி ஒருத்தியிடம் "அது என் மாமி" என்று சொல்லியிருக்கிறாள். 'மாமி' என்றால் இங்கே அம்மா என்று காதில் விழும். ஷைலா இரவுப் பணி முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்துக் கைகுலுக்கினாளாம். அந்த வாரத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதற்கு மட்டும்தான்.

எனக்கு வண்டி ஓட்டும்போதும் நிலைகொள்ளவில்லை. ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் போய், பின்னாலிருந்து ஒரு பாட்டி மணியை அடித்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ பேருடைய அக்காக்களையும் அண்ணன்களையும் பார்த்து அந்தக் கூடத்தில் நான் சிரித்திருக்கிறேன். செத்த பிறகும் மூச்சுவாங்கிய அந்த வில்லனுக்கும் வீடு இருந்திருக்கும். அப்போதெல்லாம் வராத யோசனை இப்போது மட்டும் ஏன் வருகிறது?

படத்தில் இருப்பவர் எனக்குத் தெரிந்தவர் என்று மட்டும் கீத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, "வேறு படம் போடலாம், கஷ்டமில்லை. ஆனால் அந்த அம்மாவிடம் கேட்டாயா?" என்றார்.

கேட்கவில்லை. தினமும் கூப்பிட்டேன். மழையைப் பற்றிப் பேசினேன். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசினேன். படத்தைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

5

கடைசியில் கேட்டது மீராதான். ஞாயிற்றுக்கிழமை போனை என் கையிலிருந்து வாங்கி, அவளுக்குத் தெரிந்த தமிழில் நேராகக் கேட்டாள்.

"மாமி, நீங்க யட்சி படம் ஆக்ட் பண்ணீங்கல்ல? நாங்க அதை இங்க எல்லாருக்கும் காட்டலாமா?"

அந்தப் பக்கம் பிரின்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"ராஜுக்கிட்ட குடு."

போனை வாங்கினேன். "எக்கா, அவ சின்னப் பிள்ளை, தெரியாம..."

"எலே, அந்தப் படம் கிட்டிச்சா? முழுசுமா?"

"உண்டு. யாரோ பழைய கேசட்டிலிருந்து எடுத்துப் போட்டிருக்கு."

"இங்க பிள்ளைங்க போனில எனக்க மொகம் மட்டும் கிடந்து சாடுது. ஒரு மாணவி வந்து, சேச்சி இது நிங்ஙளாணோன்னு கேட்டா. நான் இல்லேன்னு சொல்லிட்டேன். அண்ணைக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடல்ல. நான் அந்தப் படத்தப் பாத்ததே இல்ல, தெரியுமா? தியேட்டருக்குப் போனா காலை ஒடிப்பேன்னு அப்பா சொன்னாரு."

எனக்கு அது தெரியாது. அவள் பார்த்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"காட்டு" என்றாள். "ஆனா நானும் கூட இருந்து பாப்பேன். எனக்கு அனுப்பித் தா, நான் கடையில கம்ப்யூட்டரில போடுதேன். நீங்க அங்க போடுத அதே நேரம். நான் உனக்க அக்கான்னு படம் முடியதுவரை ஒருத்தரிட்டயும் சொல்லப்பிடாது. சொன்னா அவங்க எல்லாரும் மரியாதைக்குச் சிரிக்காம இருப்பினும். எனக்கு அந்த மரியாதை வேண்டாம். அப்புறம் ஒண்ணு. ஒரு இடம்கூட வெட்டப்பிடாது. பொழியில எடுத்ததில ஒரு துண்டுகூட."

"ஏன் அக்கா?"

"வெட்டாதன்னு சொன்னா வெட்டாத."

6

சனிக்கிழமை வந்தது. கூடத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். மீராவின் தோழிகள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஷைலா வரமாட்டேன் என்றவள், கடைசி நிமிடத்தில் வந்து கதவோரம் நின்றாள். மீரா கணினிக்குப் பக்கத்தில். நான் பின்வரிசையில், ஒரு காதில் மட்டும் போனின் இயர்போனை மாட்டிக்கொண்டு. அந்தக் காதில் தனுவச்சபுரம். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். மாலைப் பேருந்தின் ஹாரன் எனக்குக் கேட்டது.

"போட்டாச்சா? நானும் போட்டேன்" என்றாள்.

முதல் காட்சியிலேயே சிரிப்பு தொடங்கியது. சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டுப் போட்ட துப்பறியும் நாயகன், தென்னந்தோப்பில் பூதக்கண்ணாடியோடு நடக்கிறான். "அந்தக் கோட்டு நெய்யாற்றின்கரை வக்கீலுக்கதாக்கும்" என்றாள் அக்கா காதில். "வேர்வையில ஒட்டிப்போய் கழத்த மூணு பேரு வேணும்." பற்பசை வந்தபோது கீத் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். காதில் அக்காவும் சிரித்தாள். "அது இனிப்பா இருந்துது மக்கா, நான் கொஞ்சம் நக்கினேன், பாரு, பாரு." பார்த்தேன். ஆமாம், யட்சி விரலை நக்குகிறாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருடத்தில் நானும் அவளும் சேர்ந்து பார்த்த முதல் படம் அது.

பிறகு பொழிமுகம் வந்தது. மீராவின் தோழிகள் அதற்காகத்தான் வந்திருந்தார்கள், இருக்கையில் நிமிர்ந்தார்கள். தண்ணீர், வெள்ளைப் புடவை, விரித்த கைகள், அலறல், அலை. கூடம் வெடித்துச் சிரித்தது.

"எலே, நிப்பாட்டு" என்றாள் அக்கா.

"என்ன அக்கா?"

"நிப்பாட்டச் சொல்லு. எனக்க மொகத்தப் பாக்காத. இடது பக்கம் பாரு. கரையில."

மீராவுக்குக் கை காட்டினேன். படம் நின்றது. இருட்டில் சிலர் முனகினார்கள். நான் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து திரைக்கு முன்னால் போய் நின்றேன். படத்தின் இடது ஓரத்தில் வேடிக்கை பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர் மங்கலாக நின்றிருந்தார்கள். ஒழுங்கான படமாக இருந்தால் அவர்களை யாராவது விரட்டியிருப்பார்கள். இந்தப் படத்தில் அதற்கும் ஆளில்லை.

"கொஞ்சம் பின்னால போ" என்றேன் மீராவிடம். "மெதுவா."

அக்கா தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன்னாலிருந்தே அவர் அங்கே இருக்கிறார். தலையில் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டி, கையில் தம்ளர்கள் அடுக்கிய கம்பிக் கூண்டு. ஒரு காலைச் சற்று வளைத்து நிற்கிற அந்த நிலையை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன். அக்கா எழுந்து வருவதைப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கிறவரிடம் அவளைக் காட்டி ஏதோ சொல்கிறார். அலை அவளைக் கவிழ்த்ததும் கூண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவருகிறார். வேட்டியோடு, இடுப்பளவு தண்ணீருக்குள். அக்கா எழுந்து முடியை விலக்கிப் பார்ப்பது கேமராவை அல்ல. அவரைத்தான்.

"கண்டியா?" என்றாள் அக்கா.

"அப்பா."

"எல்லாரும் நினைக்கினும் நான் டைரக்டரிட்ட கேட்டேன்னு. அப்பாட்டயாக்கும் கேட்டேன். செரியாச்சான்னு." அவள் குரல் உயர்ந்தது. அழுகையா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. "பால் வாங்கப் போனாராம், பால். நான் பொய் சொல்லல்ல மக்கா. பொய் சொல்லல்ல."

"இல்ல அக்கா. பொய் சொல்லல்ல."

கூடத்தில் விளக்கைப் போட்டிருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீத் எழுந்து வந்து தோளைத் தொட்டார். படம் முடியும்வரை சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கு அங்கே போனது. யட்சி என் அக்கா என்றும், அவள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றும், அந்த ஓரத்தில் நிற்பவர் எங்கள் அப்பா என்றும், அன்று தான் அங்கே இல்லவே இல்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போனார் என்றும் எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். காலங்களெல்லாம் குழம்பின. இருக்கிறார், இருந்தார், இல்லை. யாரும் திருத்தவில்லை. மீராவின் தோழிகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மீரா என் போனை வாங்கி அதன் ஒலியைக் கூடத்துக்குத் திறந்துவிட்டாள். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.

"எதுக்கு எல்லாரும் மிண்டாம இருக்கினும்?" என்றது அக்காவின் குரல், சுவர்களில் மோதி. "படம் முடியல்லியே. போடச் சொல்லு. இனிதான் என்னைக் கட்டிப்போட்டு மந்திரம் ஓதுவினும். மந்திரவாதிக்க தாடி கழண்டு விழும். அதுக்குச் சிரிக்கச் சொல்லு."

மீரா அதை மொழிபெயர்த்தாள். அவள் தன் மாமியை மொழிபெயர்த்து நான் அதுவரை கேட்டதில்லை. படம் மீண்டும் ஓடியது. தாடி விழுந்தது. முதலில் சிரித்தது அக்கா. பிறகு ஷைலா. பிறகு எல்லோரும்.

7

அந்தக் காட்சியை மீரா தனிப் படமாக எடுத்து அனுப்பினாள். அக்கா அதைத் தன் கடையிலேயே பெரிதாக அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் முன்னால் வைத்திருக்கிறாள். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாளாம். அவளுக்கு ஆச்சரியமே வரவில்லையாம்.

"அண்ணைக்கு அவரு நனஞ்ச வேட்டியோடதான் வந்தாரு. நான்தான் பிழிஞ்சு காயப்போட்டேன்" என்றாளாம்.

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும். அவருக்க வாக்கு நாலு பேரு முன்னால போயாச்சு. நான் என்ன செய்ய?"

அக்கா அதற்குப் பிறகு பல நாட்கள் அம்மாவிடம் பேசவில்லை. சோறு பரிமாறுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், பேசமாட்டாள். நான் இங்கிருந்து இரண்டு பேரையும் மாறிமாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இவளிடம் அவளுக்காகவும் அவளிடம் இவளுக்காகவும் பேசினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, பழைய பேச்சை யாரோ இழுத்தார்கள். அம்மா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னாளாம்: "அவ கேக்காம போகல்ல. அவளுக்க அப்பன் சொல்லித்தான் போனா. அவரு பொய் சொன்னாரு, நானும் மிண்டாம இருந்தேன்." சுற்றியிருந்த மலையாளக்காரர்களுக்குப் புரியட்டும் என்று அதையே மலையாளத்திலும் ஒருதடவை சொன்னாளாம்.

இதை அக்கா எனக்குச் சொன்னது போன வாரம். நான் பணிமனையில் அடுத்த வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன்.

"நல்ல காரியம் அக்கா" என்றேன். "இப்பவாவது சொன்னாங்களே."

"உம்."

"அப்பா மேல கோவம் உண்டா?"

"உண்டு. இருக்கட்டு, அது எனக்க கோவம்." கடையில் யாரோ எத்தனை பிரதி என்று கேட்டார்கள். அவர்களிடம் பிறகு வரச் சொன்னாள். அக்கா வாடிக்கையாளரைத் திருப்பியனுப்பி நான் கேட்டது அதுதான் முதல் முறை. "ஆனா ராஜு, அப்பா பொய் சொன்னாரு, அம்மா மறைச்சா, கல்யாணம் போச்சு, எல்லாரும் இதையே சொல்லுதீங்க. அந்த டைரக்டரு பெறவும் ஒருக்க வந்தாரு. அடுத்த படம் உண்டு, நீ நடிக்கியான்னு கேட்டாரு. அப்பா கட்டன்சாயை குடுத்து அனுப்பிட்டாரு. எனக்கு நடிக்கப் பிடிச்சிருந்துதான்னு ஒருத்தரும் கேக்கல்ல. நீ இவ்வளவு படம் பாக்குத ஆளு. நீயும் கேக்கல்ல."

என் வண்டி வந்து நின்றது. இறங்கிய ஓட்டுநர் சாவியை நீட்டினார். ஒரு நிமிடம் என்று கையைக் காட்டினேன்.

"இப்பக் கேக்கேன் அக்கா. பிடிச்சிருந்துதா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"முதல்ல பயம்" என்றாள். "எனக்கு நீந்தத் தெரியாது. ஒரு பக்கம் ஆத்துத் தண்ணி, சூடு. மறு பக்கம் கடல், குளிரு. காலுக்கு அடியில மண்ணு போய்க்கிட்டே இருக்கும். அவங்க ஆக்‌ஷன்னு சொன்னப்பம் எனக்குச் சத்தமே வராதுன்னு நினைச்சேன். அப்புறம் அலறினேன் பாரு. அந்தச் சத்தம் எனக்கிட்ட இருக்குன்னு எனக்கே தெரியாது, மக்கா. கரையில நின்ன அவ்வளவு ஆளும் மிண்டாம நின்னினும். நாய்கூடக் குரைக்கல்ல. விழுந்தேன், அது வேற. ஆனா விழுகதுக்கு முன்னால ஒரு கொஞ்ச நேரம்..."

ஓட்டுநர் வண்டியின் ஜன்னலைத் தட்டினார். நான் அவருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

"சொல்லு அக்கா" என்றேன்.